றொஷேல் டீச்சரின் தவக்காலம்

பேசாலையில் அயல்வீட்டார் ஒன்றுகூடிச் செபம் சொல்லும் அன்பியக் கூட்டத்துக்குச் சாதாரண நாட்களில் பாதிப்பேர்தான் வருவார்கள். விபூதிப் புதனுக்கு முந்திய கூட்டத்துக்கு மட்டும் எல்லாரும் வந்துவிடுவார்கள். தவக்காலத்தில் எதை விடப்போகிறோம் என்று அன்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தான் சொன்னதை மறக்கிறவர்கள் உண்டு. அடுத்தவர் சொன்னதை மறக்கிறவர் அந்த ஒழுங்கையில் இல்லை.

ஒருவர் சுருட்டை விட்டார். ஒருத்தி பின்னேர நாடகத்தை விட்டாள். றொஷேலின் முறை வந்தபோது அவளுக்கு விடுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கலியாணம் இல்லை, வீட்டில் பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் தகப்பன், வெளியே பள்ளிக்கூடம். இதில் எதை விடுவது? எல்லாரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, "பேஸ்புக்" என்று சொல்லிவிட்டாள்.

"அதுதான் பெரிய ஒறுத்தல்," என்றாள் பக்கத்து வீட்டு மாக்கிறட். "நான் ஒவ்வொரு நாளும் பாப்பன். உன்ர பேருக்குப் பக்கத்தில பச்சைப் புள்ளி எரியுதோ எண்டு."

"அப்ப நீங்கள் பேஸ்புக்கை விடேல்லையோ அக்கா?"

"நான் இறைச்சியை விட்டனான்."

சிரிப்பு எழுந்தது. றொஷேலும் சிரித்தாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் செய்த பிழை அவளுக்கு உறைத்தது. மற்றவர்கள் பொழுதுபோக்கை விட்டிருந்தார்கள். அவள் தனக்கிருந்த ஒரே பேச்சுத்துணையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் படிப்பித்த பள்ளிக்கூடம் தீவை விட்டுப் பாலம் தாண்டி, உயிலங்குளத்துக்கும் அங்கால், வயற்கரையில் இருந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அங்கே ஆங்கிலத்துக்கு அவள் ஒருத்திதான். பாடத்திட்டம் முடிந்ததா என்று அதிபர் கேட்பார். முடிந்தது என்றால் அவருக்குப் போதும். இத்தனை வருடத்தில் அவளுடைய வகுப்பின் பின்வரிசை வாங்கில் வந்து இருந்து, இது நல்லது, இது சரியில்லை என்று சொன்னவர் ஒருவருமில்லை. படிப்பிப்பது சரியா பிழையா என்று தெரியாமலே ஓய்வூதியத்துக்குப் போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது.

அந்தப் பயம்தான் அவளைப் பேஸ்புக்கில் இருந்த ஆங்கில ஆசிரியர் குழுவுக்குள் கொண்டுபோய்விட்டது. நாட்டின் நாலு பக்கத்து ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். எந்தப் பயிற்சி வகுப்பில் எடுபட்டது, எது சொதப்பியது என்று எழுதுவார்கள். றொஷேல் வாசித்து, அடுத்த நாளே செய்து பார்ப்பாள். தலையணை உறைக்குள் ஒரு பொருளைப் போட்டு, ஒரு பிள்ளை தடவிப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல, மற்றப் பிள்ளைகள் கேட்டுப் படம் கீறுகிற விளையாட்டை அங்கேதான் எடுத்தாள். மாதத்தில் ஒருநாள் நேரலையில் ஒரு ஆசிரியர் தன் வகுப்பின் காணொளியைப் போட்டுக் காட்ட, மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அதற்கு அவள் பெயர் கொடுத்து நெடுங்காலம். காணொளிகூடப் போன தவணையே எடுத்து வைத்திருந்தாள். பிள்ளைகளின் முகம் விழாமல், தன்னை மட்டும் காட்டும்படி போனை யன்னலில் சாத்திவைத்து எடுத்தது.

தவக்காலம் தொடங்கியது. வீடு இன்னும் அமைதியாகியது. தகப்பன் சிங்கராசா முன்னாளில் கடலில் நின்று கரைக்குக் கேட்கக் கத்துகிற மனுசன். வாதம் வலக்கையையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சொல்வது அவருக்கு விளங்கும். பதில்தான் வராது, வந்தாலும் பிந்தி வரும். பள்ளிக்கூட நேரத்தில் மாக்கிறட் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் றொஷேல். சரித்துப் படுக்கவைப்பாள், முழங்கால்களுக்கிடையில் தலையணை வைப்பாள், முதுகைத் துடைத்துப் புண் வைக்கிறதா என்று பார்ப்பாள். வேலையோடு வேலையாகப் பேச்சும் நடக்கும்.

"எழும்புவமோ அப்பா? ஓம், எழும்புவம். பசிக்குதோ? பசிக்கும்தானே. தேத்தண்ணி வேணுமோ? இந்தா கொண்டு வாறன்."

நாலு மணிக்குத் தேத்தண்ணி. நிமிர்த்தி இருத்தி, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கரண்டியால் பருக்குவாள். அவர் குடிப்பார்.

மூன்றாம் கிழமை குழுவை நடத்துகிறவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வருகிற சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய முறை. மறுமொழி இல்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம்.

ஒளித்துச் செய்ய அவளுக்கு விருப்பமில்லை. செய்தாலும் பச்சைப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். நேரே மாக்கிறட்டின் குசினிக்குப் போனாள்.

"அக்கா, சனிக்கிழமை ஒரு பின்னேரம் மட்டும் பேஸ்புக்குக்குப் போறன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஆண்டவரே! அன்பியத்தில எல்லாருக்கும் முன்னால சொன்னதெல்லே?"

"இது வேலை அக்கா."

"வேலையெண்டா சம்பளம் தருவினமோ?"

"இல்லை."

"அப்ப என்ன வேலை?" மாக்கிறட் மீன் செதிளைத் தட்டிவிட்டாள். "அதுக்குள்ள உனக்கு ஆர் இருக்கினம்?"

"என்ர வகுப்பைப் பாக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். இஞ்ச ஒருத்தரும் இல்லை."

மாக்கிறட் அடுத்த மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள். பிறகு, "போ. ஆனா அன்பியத்தில கேட்டா நான் மறைக்க மாட்டன்," என்றாள்.

"மறைக்க வேண்டாம்."

சனிக்கிழமை தகப்பனைச் சுவர்ப்பக்கம் சரித்துவிட்டு, மேசையில் போனை நிறுத்தி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இருந்தாள். குழுவில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தும் வந்தது ஒரு சிலர்தான். அவர்களிலும் அநேகர் முகம் காட்டவில்லை. கறுப்புப் பெட்டிகளில் வெறும் பெயர்கள். காணொளி ஓடியது. தலையணை உறைக்குள் மீன்வலை மிதவை. தடவுகிறவன் லக்சன், நெல் விதைக்கிற வீட்டுப் பெடியன். திரையில் தெரிந்தது றொஷேல் மட்டும். தன்னுடைய பாடம் தனக்கே நன்றாகப்பட்டது.

முடிந்ததும் நன்றி, அருமை என்று இரண்டு மூன்று செய்திகள் விழுந்தன. கைதட்டும் படங்கள் வந்தன. அவ்வளவுதானா? இதற்காகவா இவ்வளவு காலம் காத்திருந்தாள்?

அப்போது ஒரு கறுப்புப் பெட்டி வெளிச்சமாகியது. புத்தளத்தில் படிப்பிக்கும் ஸஹ்றா, வயதில் மூத்தவள். ஆங்கிலத்தில் தொடங்கியவள் தமிழுக்கு மாறினாள்.

"டீச்சர், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"இல்லை, சொல்லுங்கோ."

"விளையாட்டு நல்லம். நானும் எடுத்துச் செய்வேன். ஆனா நீங்க கேள்வியும் கேக்கிறீங்க, பதிலையும் நீங்களே சொல்றீங்க. அந்தத் துண்டை இன்னொருக்காப் போடுங்க."

போட்டாள். இஸ் இட் ஹெவி, லக்சன்? நோ, இட் இஸ் லைட். இஸ் இட் ரவுண்ட்? யெஸ், இட் இஸ் ரவுண்ட். இரண்டும் அவளுடைய குரல்தான். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, காணொளியில் தெரியாத பக்கத்தில், ஒரு பிள்ளை மூச்சை இழுத்து வாய்திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் அவளுடைய பதில் விழுந்தது. பிறகு அவன் மூச்சை விடுகிற சத்தம்.

"வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கு," என்றாள் ஸஹ்றா, "நீங்க ஆரும் இல்லாத வீட்டில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க."

றொஷேலுக்கு முகம் சுட்டது. ஓம் என்று மட்டும் சொன்னாள். போனை அணைத்த பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவமானம் ஒரு பக்கம். கடைசியில் ஒருவர் வந்து பின்வாங்கில் இருந்துவிட்டுப் போனார் என்ற திருப்தி இன்னொரு பக்கம்.

திங்கட்கிழமை வகுப்பில் தலையணை உறையை லக்சனிடம் கொடுத்துக் கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வகுப்பு அசையவில்லை. டீச்சர் பாடத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து முன்வாங்குப் பிள்ளை புத்தகத்தை நீட்டியது. றொஷேல் தலையசைத்து மறுத்தாள், நின்றாள். லக்சன் மூச்சை இழுத்தான், விட்டான், திரும்ப இழுத்தான். பிறகு ஒரு முழு வசனம் சொன்னான். நடுவில் ஒரு பிழை இருந்தது. அவள் திருத்தவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, கேத்தலை அடுப்பில் வைத்து, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு அறைக்குள் போனாள். தகப்பனை நிமிர்த்தி இருத்தினாள்.

"அப்பா, தேத்தண்ணி வேணுமோ?"

கரண்டியை எடுக்கப்போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிங்கராசா கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெளியே காற்றில் மணல் தகரத்தில் சொரிந்தது. அவருடைய உதடு ஒருபக்கமாகக் கோணியது. தொண்டை ஏறி இறங்கியது. அவளுக்குச் சொல் நுனிநாக்கில் வந்து நின்றது, விழுங்கினாள்.

"வே... ண்டாம்."

"வேண்டாமோ?"

இந்தமுறை தலையும் ஆடியது, உறுதியாக. இடக்கை எழும்பி மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டியது.

தண்ணீர் எடுத்து வந்து, நாடியைத் தாழ்த்திப் பிடித்துப் பருக்கினாள். முழுவதும் குடித்தார். எப்போதிருந்து தேத்தண்ணி பிடிக்கவில்லை என்று கேட்டாள். அதற்கும் பொறுத்து நின்றாள். அதற்குள் அவர் களைத்துக் கண்ணை மூடிவிட்டார். கரண்டி கரண்டியாய் அந்தத் தேத்தண்ணியை மூன்று வருடம் பருக்கியிருக்கிறாள்.

தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து வாசற்படியில் இருந்தாள். இதைப் பேஸ்புக்கில் ஸஹ்றாவுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மாக்கிறட்டும் போனும் கையுமாக இருந்தாள். ஒரு பின்னேரம் என்று சொன்னது ஒரு பின்னேரம்தான். உயிர்ப்பு ஞாயிறுக்கு இன்னும் எவ்வளவோ கிடந்தது.

போனைக் கீழே வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைத் தானே குடித்தாள்.