ஊற்றாத தண்ணீர்

பிரசவ அறை அலமாரியில், பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கும். தினமும் காலையில் அதில் புதுத் தண்ணீர் மாற்றி வைப்பதுதான் பெரிய சிஸ்டரின் முதல் வேலை. சிவகாசியில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்கெல்லாம் மூத்த நர்ஸ் அவர், கத்தோலிக்கர். அவர்கள் சபையில் பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால், மாதா கோயில் சாமியார் வரும்வரை காத்திராமல், பெற்றவர்களிடம் கேட்டுக்கொண்டு, அதன் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, பாவம் கழுவும் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். ஆத்திர அவசரத்துக்கு யார் ஊற்றினாலும் செல்லுமாம்.

நான் வேறு சபை. விவரம் தெரிந்து, மனந்திரும்பி எடுப்பதுதான் எங்களுக்கு ஞானஸ்நானம். கண் திறக்காத பிள்ளைக்கு எங்கிருந்து பாவம் வரும் என்று டீ குடிக்கும்போதெல்லாம் அவரை வம்புக்கு இழுப்பேன். ஆதாமிலிருந்து வருகிற ஜென்மப் பாவம் என்பார். ஆதாம் தின்ற பழத்துக்கு இங்கே பக்கத்து நாரணாபுரத்தில் பிறக்கும் பிள்ளை ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பேன். "ஒனக்கு வாய் மட்டும் பாஸ்டர் கணக்கா இருக்கு" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரு நாள் அவர் உறவினர் கல்யாணத்துக்காக விருதுநகர் போயிருந்தார். அன்றைக்கென்று ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு ஒரு பெண் வந்தாள். கத்தோலிக்கப் பெண், பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தண்ணீர் ஊற்றிவிடச் சொன்னாள். தலையாட்டினேன். பிரசவ அறைக்குக் கொண்டுவந்த பிள்ளை முக்கால் மணி நேரம் உயிரோடு இருந்தது. டாக்டர் கைவிரித்த பிறகும் எனக்கு நேரம் இருந்தது. டம்ளரும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஊற்றவில்லை. நம்பாத ஒன்றைச் செய்வது கர்த்தர் முன்னால் பொய் சொல்வது என்று நினைத்தேன். பொய்யிலிருந்து தப்பித்தோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

தகவல் தெரிந்து பெரிய சிஸ்டர் கட்டிய பட்டுச்சேலையோடு நேரே வார்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போனார்; நானும் பின்னால் போனேன். மயக்கம் தெளிந்திருந்த அவள் அழவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மருந்தில் கை வைத்தேனே, என் பாவந்தானே அதைப் பிடித்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தண்ணி ஊத்துனீகளா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பெரிய சிஸ்டர் என் தோளைத் தொட்டு, "இவதான் ஊத்துனா. பிள்ள ஒரு பாவமும் இல்லாமத்தான் போயிருக்கு. ஒன் பாவமும் அது மேல இல்ல" என்றார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்குக் கோபம். நீங்களே பொய் சொல்லலாமா என்று கேட்டேன்.

"பாவந்தான். சனிக்கிழம கோயில்ல சாமியார்ட்ட சொல்லி மன்னிப்பு வாங்கிக்கிருவேன்" என்றார். "ஊத்தலன்னு தெரிஞ்சா அவ யார்ட்ட போயிச் சொல்லுவா?"

அதற்குப் பிறகு டீ நேரத்தில் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் இப்போது நான். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள். காய்ச்சல், தடுப்பூசி என்று கூட்டி வருவாள். ஜென்மப் பாவத்தை நான் இன்றும் நம்பவில்லை. வரும்போதெல்லாம் அவள் என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். "ஒங்க அண்ணனுக்குத் தண்ணி ஊத்துன கை" என்று பிள்ளைகளுக்கும் காட்டுகிறாள். நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.