விழுத்துவது என் வேலை

எண்பதுகளின் நடுப்பகுதியில் லண்டனில் இருந்த தமிழ்ப் பெடியங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடினார்கள், அல்லது நித்திரை கொண்டார்கள். நான் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடினேன். அந்த நாட்களில் இந்த விளையாட்டை இங்கே டிவியில் காட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு லண்டனில் பார்க்குக்கொரு அணி முளைத்தது. நான் படிக்க வந்து, படிப்பை அரைகுறையாக வைத்துக்கொண்டு, பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்துகொண்டிருந்தேன். பொழுதுபோகவில்லை என்று ஒரு அணியின் பயிற்சிக்குப் போனேன். கோச் ஒரு அமெரிக்கர். என் தோளையும் தொடையையும் மாடு வாங்க வந்தவர் போலப் பார்த்தார். பெயரைக் கேட்க முதலே என்னைத் தடுப்புப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

விளையாட்டு சிக்கலானது என்பார்கள். எனக்குச் சிக்கல் இல்லை. ஒரு பக்கம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், மறுபக்கம் ஓடுபவனை விழுத்தும். நான் மறுபக்கம். பந்தைத் தொடாமலே ஒரு பருவத்தை ஆடி முடித்து நல்ல ஆட்டக்காரன் என்று பெயர் எடுக்கலாம். நான் எடுத்தேன். ஊரில் சண்டை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே பிடிபட்டு அடிவாங்கிய பெடியங்களின் கதைகளைச் சனிக்கிழமை டெலிபோனில் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை காசு கட்டி, தலைக்கவசம் போட்டு, ஆட்களை அடிக்கப் போவேன். இதில் ஏதோ சரியில்லை என்று மனதுக்குள் குத்தும். ஆனால் முதல் அடியோடு அந்தக் குத்தல் போய்விடும். எனக்கு அது பிடித்திருந்தது, நல்லாகவே பிடித்திருந்தது.

தென்லண்டன் அணி ஒன்றோடு ஆடிய நாள் மழை விட்டு நிலம் சேறாக இருந்தது. அவர்களிடம் மெல்லிய ஓட்டக்காரன் ஒருவன் இருந்தான். முதல் பாதி முழுக்க என்னைப் பேய்க்காட்டினான். இடது பக்கம் வருவது போல வந்து வலது பக்கத்தால் போய்விடுவான். இரண்டாம் பாதியில் அவன் திரும்புவதற்காக ஒரு காலைச் சேற்றில் ஊன்றிய நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல அடி நான் அடித்ததில்லை. தோள் சரியான இடத்தில், சரியான வேகத்தில் போய் இறங்கியது. என் ஆட்கள் ஓடிவந்து என் தலைக்கவசத்தில் தட்டிக் கூத்தாடினார்கள். நானும் கையை உயர்த்தினேன். அப்போது எனக்குக் கீழே கிடந்தவன் கத்தினான்.

"ஐயோ, அம்மா! என்ர அம்மா!"

அதுவரை அவன் எனக்கு ஒரு இலக்கமும் தலைக்கவசமும்தான். முகக்கம்பிக்குள் குனிந்து பார்த்தேன். எங்கள் முகம். "தம்பி, தமிழே?" என்று கேட்டேன். முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது!

நடுவர் தவறு என்று சொல்லவில்லை. எதிரணிக் கோச்கூட எனக்குக் கை தந்தார். சட்டப்படி சுத்தமான அடி. அதுதான் எனக்கு வினையாகிப் போனது. பிழை செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கலாம்.

அடுத்தநாள் ஆசுப்பத்திரிக்குப் போனேன். அவனுக்கு இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். நோர்பரியில் தாயோடு இருந்தான். இருவரும் மன்னாரிலிருந்து வந்து அதிக காலமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவன் முந்திக்கொண்டான். "அம்மா, இவர் என்னோட விளையாடுற அண்ணை."

பொய்யும் இல்லை.

"எந்தக் கட்டையிலை போவான் தம்பி என்ர பிள்ளையை இப்பிடிச் செய்தவன்?" என்று தாய் கேட்டார்.

"ஒரு வெள்ளையன் அம்மா. ஆறரை அடி இருப்பான்" என்றான் அவன்.

"அவன்ர கை விளங்காமப் போக!" என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டில் இடியப்பத்தை அடுக்கி என்னிடம் நீட்டினார். "சாப்பிடு தம்பி, வெக்கப்படாதை." விளங்காமல் போக வேண்டிய கையை நீட்டி வாங்கினேன். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் என்னை வெட்கப்படுத்தியது.

அவனுக்கு இரண்டு தரம் ஒப்பரேஷன் செய்தார்கள். கால் நேரே வந்தது, ஆனால் பழையபடி மடங்கவில்லை. சுப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற வேலை போய்விட்டது. நெடுநேரம் நிற்க ஏலாதவனை யார் வைத்திருப்பார்கள்? எங்கள் பெற்றோல் ஸ்டேசனில் சொல்லி, இருந்தபடி பார்க்கிற வேலை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பிசியோவுக்கு என் காரில் ஏற்றி இறக்கினேன். தாய் சேர்ச்சில் எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னார். உண்மையைச் சொல்ல நான் வாய் திறந்தபோதெல்லாம் அவன் கண்ணால் மறித்தான். அவன் மறித்தது எனக்கும் வசதியாக இருந்தது.

நான் தொடர்ந்து ஆடினேன். ஆனால் என் தோளுக்கு ஏதோ நடந்துவிட்டது. எதிரே ஒருவன் காலை ஊன்றுவதைக் கண்டால் அரை அடி பிந்துவேன். சட்டையில் பிடிப்பேன், இடுப்பில் கட்டுவேன், பக்குவமாகப் படுக்க வைப்பேன். "நீ ஆட்களை விழுத்துகிறாயா, ஏந்துகிறாயா?" என்று கோச் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

அவன் ஊன்றுகோலோடு ஆட்டம் பார்க்க வரத் தொடங்கியிருந்தான். ஒருநாள் காருக்குள் ஏறிக் கதவைப் படாரென்று அடித்துச் சாத்தினான்.

"இதென்ன அண்ணை, குழந்தைப்பிள்ளையளை நித்திரையாக்கிற மாதிரி?"

"காணும் தம்பி. இதோட விடப்போறன்."

"விடேலாது." அவன் குரல் ஏறியது. "என்ர கால் ஏன் இப்பிடி எண்டு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஒரு பெரிய ஆட்டக்காரன் உடைச்சவன் எண்டு சொல்லவேணும். பாதியில விட்டிட்டுப் போன பெற்றோல் ஸ்டேசன்காரன் எண்டே சொல்லுறது?"

நான் எழும்பினால்தான் அவன் விழுந்ததற்கு ஒரு மரியாதை என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கு நியாயமாகவும் பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனுக்குச் சம்பளத்துக்கு ஆடுகிற அணி ஒன்று வந்தது. அமெரிக்கர்கள் நிறைந்த அணிதான், என்றாலும் உள்ளூர் ஆட்கள் சிலருக்கு இடம் உண்டென்று சொன்னார்கள். கோச் மனம் இரங்கி என் பெயரையும் கொடுத்தார். என்னைவிட அவன்தான் துள்ளினான். மாதக்கணக்காக என்னை விடியற்புறம் எழுப்பி ஓட வைத்தான். தான் ஒரு பெஞ்சில் இருந்துகொண்டு, "வேகம் காணாது அண்ணை!" என்று கத்துவான். அப்படிக் கத்தும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே ஓடினேன்.

தேர்வு நாளில் ஒரு ஒடுங்கிய பாதை மாதிரிக் கோடு போட்டு, ஒருமுனையில் பந்தோடு ஒருவனையும் மறுமுனையில் என்னையும் நிறுத்தினார்கள். என்னோடு வந்த தம்பி பின்னுக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசில் ஊதியது. ஓடி வந்தவன் முகம் தெரியாத ஒரு பெடியன். இடது பக்கம் வருவது போல வந்தான். நான் ஏமாறவில்லை. வலது பக்கம் திரும்பக் காலை ஊன்றினான். தோளை இறக்க வேண்டிய இடமும் நேரமும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. இறக்கவில்லை. கையை நீட்டிச் சட்டையைப் பிடித்தேன். அவன் உதறிவிட்டு என்னைத் தாண்டிப் போனான். தேர்வு செய்கிறவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும்போது டிஸ்ட்ரிக்ட் லைனில் சனமில்லை. அவன் நீட்டிய காலை மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் என் பக்கம் வைத்துக்கொண்டு இருந்தான். ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். விம்பிள்டன் கிட்ட வந்தபோது கேட்டான்.

"வேணுமெண்டுதானே விட்டனியள்?"

"ஓம்."

"என்னை ஏன் அண்ணை விடேல்லை?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான்.

"அண்டைக்கு நீ ஆரெண்டு எனக்குத் தெரியாதேயடா, தம்பி" என்றேன். இத்தனை வருசமாக எனக்கு நானே சொல்லிவந்த சமாதானம் அது.

அவன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"இண்டைக்கு ஓடி வந்தவனையும் உங்களுக்குத் தெரியாதுதானே, அண்ணை."