ஒளுத் தொட்டியோரப் புதினா

கல்யாணமாகிக் கடையத்திலிருந்து தென்காசிக்கு வந்த முதல் வருஷமே என் கைக்கு ராசியில்லை என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் உப்புப் போட்ட எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பூத்துப்போனதுதான் காரணம். அதற்குப் பிறகு ஊறுகாய்ச் சாடியை நான் தொடக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "புள்ள நல்ல புள்ளதான். இவ கையால வச்சா பொதினாகூடத் தழைக்காது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வைத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன்.

புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஆட்டுக்குப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆட்டிடமிருந்து நாலு தண்டைப் பிடுங்கி அடுப்படிக்குப் பின்னால் ஊன்றினேன். பாத்திரம் விளக்கிய தண்ணீர் வீணாகப் போகிறதே என்று தினமும் அதையே ஊற்றினேன். அவ்வளவும் சாம்பலும் புளியும்! ஒரே வாரத்தில் கருகியது. மறுபடி வைத்தேன், மறுபடி கருகியது.

"நான் சொல்லல?" என்று மாமியார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

பிறகுதான் முற்றத்து ஒளுத் தொட்டி கண்ணில் பட்டது. தொழுகைக்கு முன்னால் எல்லாரும் முகம், கை, கால் கழுவுகிற இடம். ஐந்து வேளையும் நல்ல தண்ணீர் ஓடும். சாம்பல் கிடையாது, சோப்புக் கிடையாது. அந்த ஓடையோரம் ஊன்றினேன். இரண்டு மாதத்தில் கல் இடுக்கெல்லாம் புதினா. மாமனார் கால் கழுவும்போதே, "இங்கன என்ன வாசமா இருக்கு!" என்றார். மாமியார் மட்டும், "அது தொட்டியோட ராசி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடி மாதம் நாத்தனாரைப் பெண் பார்க்கச் செங்கோட்டையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. பிரியாணிக்கு ஆட்டுக்கறி வந்தாயிற்று. பாவூர்சத்திரம் சந்தைக்குப் போன என் வீட்டுக்காரர் புதினா இல்லாமல் திரும்பினார்.

"குற்றாலத்துல சீசன்லா. ஓட்டல்காரனுவ மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டானுவ."

"யா அல்லா! பொதினா இல்லாம பிரியாணியா? சம்பந்திக்காரங்க முன்னால மானம் போவுதே!" என்று மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் கத்தியோடு ஒளுத் தொட்டிக்குப் போய் ஒரு சுளகு நிறைய அறுத்து வந்து அவர் மடியருகே வைத்தேன். பிரியாணி தெருமுனை வரைக்கும் மணத்தது. மாப்பிள்ளையின் தாயார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கே பேச்சும் முடிந்தது.

அவர்கள் போனதும் மாமியார் ஒரு கூடை எலுமிச்சங்காயையும் உப்புச் சட்டியையும் என் முன்னால் நகர்த்தினார்.

"ஏட்டி, உப்ப நீயே போடு."

நான் விடுவேனா? "என் கைக்குத்தான் ராசியில்லையே மாமி!"

"ஒன் வாய்க்குத்தான் ராசியில்ல. போடுட்டி."

இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அந்த ஊறுகாய் அடுத்த ஆடி வரைக்கும் கெடவில்லை.