தண்ணீர் குடிக்கும் பெட்டி

2025 ஜூலை 24, வியாழக்கிழமை, ஆடி அமாவாசை. ஐந்தரைக்கு எழுந்தேன். காலமான அப்பாவுக்காக விரதம் என்பதால் தேநீர் வைக்கவில்லை. முதல்நாள் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த, இந்த விரதத்துக்கென்றே கறி வைக்கும் காத்தோட்டிக்காய் இளகியிருந்தது. தினசரி வேலைகளில் ஒன்று மட்டும் தவறிவிட்டது. யன்னலோரக் கறிவேப்பிலைச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தேன். புறப்பட்டுப் பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது.

கனடாவில், அஜக்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. அப்பா இருந்தவரை தன் தகப்பனுக்கு அங்கேதான் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அவர் போன பிறகு நானும் அக்காவும் அதே வளைவில் பிண்டம் கரைத்தோம். அருகே புது வீடுகள் எழும்பிய பிறகு அந்த வளைவு பாசி மூடிப் பச்சையாகிவிட்டது. புறப்படுமுன் போய்ப் பார்த்தேன். கரை மரங்கள் காற்றில் ஆடின, தண்ணீர் ஆடவில்லை. யாரோ எறிந்த டென்னிஸ் பந்து, புல்தரையில் கிடப்பது போல நடுவில் கிடந்தது. ஒரு வாத்து நீந்திப் போனது. அதன் பின்னால் கறுப்பாக ஒரு பாதை திறந்து, ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. தண்ணீரைத் தொட வேண்டாம் என்று ஒரு பலகை நின்றது.

அதனால் இந்த வருடம் அதே ஓடையின் மேல்பக்கம் போவதென்று நானும் அக்காவும் முடிவு செய்திருந்தோம்.

எட்டு மணிக்கு யூனியன்வில்லில் அக்காவை ஏற்றினேன். வீட்டிலிருந்து இருபத்தொன்பது கிலோமீற்றர். அவள் மடியில் வாழையிலைப் பொதி. உள்ளே பிண்டச் சோறு, எள், சிறு போத்தலில் பால்.

"பிரேக்கை மெல்லப் பிடியடா. அப்பாவின்ர சாப்பாடு மடியில கிடக்கு."

"அவருக்கும் பெல்ற் போட்டிட்டியோ?"

"உனக்கு எல்லாம் பகிடிதான்."

அவள் பொதியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அப்பா கடைசி நாட்களில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். விழுங்கினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டொக்டர் சொன்னதால், ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பதோடு நிறுத்தினோம். துடைத்தது அக்கா. ஆடி அமாவாசைக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அவள் ஒரு வருடமும் விட்டதில்லை.

ஸ்ரோவில் ஊரைத் தாண்டி இருபுறமும் சோளக்காடு. யூனியன்வில்லிலிருந்து இருபத்திரண்டாவது கிலோமீற்றரில் கல் பாவிய ஒழுங்கை. அதன் முடிவில் அந்தோனி அண்ணையின் தோட்டம். மன்னார்க்காரர். வெண்டியும் கத்தரியும் வளர்த்து ஸ்காபரோக் கடைகளுக்குக் கொடுப்பவர். சனிக்கிழமைகளில் அவரிடம் மரக்கறி வாங்கித்தான் பழக்கம். ஓடைக்கு வரலாமா என்று கேட்டிருந்தேன், எதற்கென்று சொல்லவில்லை. அவர் உழவு இயந்திரத்தில் இருந்தபடியே கையைக் காட்டினார். நாங்கள் இறங்கி நடந்தோம்.

ஓடைக்கரையில் இடுப்பளவு புல். பயிரோ மாட்டுத்தடமோ இல்லை. கரை நெடுகக் கம்பிவேலி. வேலிக்கட்டைகளில் செம்மஞ்சள் நாடாக்கள். கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்தோம். தண்ணீர் அடிக்கல் தெரியும்படி தெளிந்திருந்தது. அவ்வளவு தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் குனிந்தபோது எங்கள் முகங்கள் விழவில்லை, கற்கள்தான் தெரிந்தன. புல்லுக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பூட்டுப் போட்டது. அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

அக்கா குந்தியிருந்து இலையைப் பிரித்தாள். அந்த நேரம் பெட்டி நடுங்கியது. குழாய் முதலில் மூச்சு விட்டது. பிறகு, களக், களக், களக்.

அக்காவின் கை நின்றது. "தம்பி, ஆரோ தண்ணி குடிக்கினம்."

"பெட்டியக்கா."

"அவற்ற தொண்டைச் சத்தம் மாதிரியே கிடக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பின்னால் அந்தோனி அண்ணை ஓடிவந்தார். "தங்கச்சி, போடாதேங்கோ! ஒரு பருக்கையும் போடாதேங்கோ!"

"ஏன் அண்ணை, இது அப்பாவுக்கு."

"விளங்குது. என்ர வேதத்தில உது இல்லை, ஆனா மரியாதை விளங்கும். உந்தப் பெட்டி நினைச்ச நேரம் தண்ணி எடுத்துச் சோதிக்கும். சோத்திலயும் பாலிலயும் பொஸ்பரஸ் கிடக்கு, பாசியை வளக்கிற சத்து. அது கூடினா என்ர ஒப்பந்தம் போயிடும். அது போனா தோட்டமும் போயிடும்."

வேலியில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி விளக்கினார். கீழே வீடு கட்டுகிற கொம்பனியின் நிலத்திலிருந்து கொஞ்சம் பொஸ்பரஸ் ஓடையில் சேரும். அதை முழுக்க அங்கேயே மறிக்கச் செலவு கூட. அதற்குப் பதிலாக மேலே இவரிடம் மறிக்கச் சொல்லிக் காசு கொடுக்கிறது. இவர் கரையில் பசளை போடுவதில்லை, மாடு விடுவதில்லை. இவர் குறைப்பது அவர்களுடைய கணக்கில் சேரும்.

"எந்த இடத்து வீடுகள்?" என்று கேட்டேன்.

அவர் எங்கள் ஓடைவளைவின் பக்கத்துத் தெருவைச் சொன்னார்.

"அப்ப இங்க நீங்கள் மறிக்கிறதுக்குப் பதிலா அங்க எங்கட வாசலிலயோ விடுகினம்?" அக்கா எழுந்தாள்.

"ஆறு முழுக்கப் பாத்தா குறையுதாம், தங்கச்சி. அதுதான் கணக்கு. நீங்கள் ஆறு முழுக்க இருக்கேல்லை, அதுதான் பிரச்சினை."

அவர் சிரிக்கவில்லை. போய் ஒரு வெள்ளை வாளி கொண்டுவந்து, குழாய்க்கு மேல்பக்கமாக ஓடைத் தண்ணீரை அள்ளித் தந்தார். வேலிக்கு வெளியே, மேப்பிள் மரத்தடியில், அக்கா வாளிக்குள் எள்ளிறைத்தாள், பால் விட்டாள், பிண்டத்தைக் கரைத்தாள். அந்தோனி அண்ணை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பெட்டி இன்னொரு தடவை குடித்தது. மூவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"ஓடுற தண்ணியில விடோணும். உது வாளி," என்றாள் அக்கா.

வாளியை மூடி, அவளுடைய கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு அஜக்ஸ் வந்தோம். காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதம் முடித்தோம். பின்னேரம் வாளியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போனோம். பந்து அதே இடத்தில் கிடந்தது. அக்கா நெடுநேரம் பச்சையைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள அவரை விடமாட்டன். மேல விட்டா ஒராளின்ர தோட்டம் போகுது, கீழ விட்டா ஆரும் கேக்கமாட்டினம். எனக்கு இது சரியாப் படேல்லை."

வாளியை என்னிடம் விட்டு, பஸ் எடுத்துப் போய்விட்டாள். ஏற்றிவிட வேண்டாம் என்றாள்.

அன்று கண்டவற்றில் என்னோடு வந்தது அந்தத் தெளிவுதான். ஒரே தண்ணீர், ஐம்பத்தொரு கிலோமீற்றர் ஓட்டத்துக்குள் இரண்டு முகம். மேலே எதையும் ஏற்காத அளவுக்குச் சுத்தம். கீழே எதைப் போட்டாலும் ஓசையில்லாமல் மூடிக்கொள்ளும் பச்சை. என் வீடு இருப்பது கீழே.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் வாளியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து திறந்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது, லேசாகப் புளித்த மணம். கறிவேப்பிலைச் சட்டியின் மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு பேணி மொண்டு ஊற்றினேன். தண்ணீர் சிறிது நேரம் மேலே நின்றது. பிறகு வெடிப்புக்குள் இறங்கியது. களக், களக், களக்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் போனைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தபடி இன்னொரு பேணி ஊற்றினேன். சத்தம் அடங்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.