என் பெயர் எழுதிய தக்காளிப் பெட்டி

இண்டூர் தேநீர்க் கடையில் கஞ்சா கடத்துவோரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "விசாரணை எதுக்குங்க? புடிச்ச எடத்துலயே சுட்டுத் தள்ளணும்" என்று முழங்கியவன் நான். சென்ற மாதம் ஒரு லாரியில் பிடிபட்ட கஞ்சா, என் பெயர் எழுதிய தக்காளிப் பெட்டியில் இருந்ததாகக் கூறிக் காவலர்கள் என் வீட்டிற்கு வந்து விசாரித்துச் சென்றனர். நான் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் பெட்டிகள் பல கை மாறுபவை. அது எவரிடம் போயிற்றென்று நான் அறியேன்.

மறுநாள் தேநீர்க் கடையில் நண்பரொருவர் கேட்டார்: "ஏனுங்க, இப்ப உங்களைச் சுட்டுடலாங்களா?" அனைவரும் சிரித்தனர். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்பெட்டி முன்பே காணாமற்போனதென்று, என் தக்காளியைச் சந்தையில் விற்றுத்தரும் மண்டிக்காரர் சாட்சி சொன்ன பின்னரே காவலர்கள் என்மீதான சந்தேகத்தைக் கைவிட்டனர். இப்போது எவர் கைதானாலும், "விசாரிச்சாச்சுங்களா?" என்றே முதலில் கேட்கிறேன். அவ்வாறு கேட்கையில், இவனுக்கும் இதில் பங்கிருக்குமோ என்பதுபோல் கடையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர்.