ஊதாத் துணியின் கீழ் முழங்கிய பெட்டி

லண்டன் மோர்டனில் போய் றெஜினோல்ட் வீடு எது என்று கேட்டால், எந்த றெஜினோல்ட் என்று திருப்பிக் கேட்பார்கள். எக்கோ றெஜி என்று சொல்லிப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டு மணியையும் அடித்துக் கொடுப்பார்கள். பட்டம் வைப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் இல்லை. வேலை நாட்களில் அவர் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பால் பகுதியில், குளிர் அறைக்கும் தட்டுகளுக்கும் இடையே நடக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பார். வருகைப் பாட்டுக்கு எக்கோ, காணிக்கைப் பாட்டுக்கு எக்கோ, அடக்கப் பூசைக்கும் எக்கோ. றெஜி வாசித்தால் செத்தவரை இரண்டு தரம் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னது அவர் காதுக்கும் வந்தது. அவர் சிரித்தார். எக்கோப் பைத்தியம் என்று பெயர் எடுப்பதில் அவருக்கு ஒரு லாபம் இருந்தது. அது என்ன லாபம் என்பது மனைவி மரினாவுக்கு மட்டும் தெரியும்.

எக்கோ வருவது அவர் காலடியில் கிடக்கும் சிறிய இரும்புப் பெட்டியிலிருந்து. காலால் மிதித்து இயக்குவதால் கிற்றார்க்காரர்கள் அதைப் பெடல் என்பார்கள். கம்பியில் ஒருமுறை தட்டினால் பெட்டி அதைப் பல முறை திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்து, கொஞ்சம் மங்கி. முன்பு இதற்கு ஒலிநாடா சுழலும் பெரிய இயந்திரம் தேவைப்பட்டது. இந்தப் பெட்டிக்குள் நாடா ஒரு சாண்கூட இல்லை, ஆனால் நாடா ஓடுகிற மாதிரியே நடிக்கும். குரோய்டனில் பழைய இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடைக்கு ட்ராமில் போய் வாங்கியது. கழுத்துவரை பச்சை குத்திய கடைக்காரன் ஒரு குமிழைத் திருகிக் காட்டி, இதைக் கூட்டினால் தேய்ந்த நாடா மாதிரி ஒலி தள்ளாடும் என்று பெருமையாகச் சொன்னான். றெஜினோல்ட் கசெற் இழுத்துப் பாடினால் பென்சிலை விட்டுச் சுற்றித் திருத்திய தலைமுறை. கெட்டுப்போன நாடாவுக்குத் தனியாக ஒரு குமிழ் வைத்து விற்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்பட்டுக்கொண்டே வாங்கினார்.

வாங்கிய காரணம் இடது கையில் இருந்தது. அதன் மோதிர விரலும் சுண்டுவிரலும் மூன்று வருடமாக அவர் சொல் கேட்பதில்லை. முழங்கையில் நரம்பு நெரிபடுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வெட்டித் தைத்தும் விட்டார்கள். வலி போனது, விரல்கள் திரும்பி வரவில்லை. கம்பியில் ஒரு சுரப் பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போகும்போது மற்ற விரல்கள் ஓடிப்போய் நிற்கும். இவை இரண்டும் கலியாண வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர்கள் மாதிரி ஆறுதலாக, பிந்தித்தான் வரும். அதற்குள் பாட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். பெட்டி அந்தப் பள்ளத்தை மூடியது. அவர் தட்டிய தட்டை அது திருப்பித் தட்டிக்கொண்டிருக்க, விரல்கள் போய்ச் சேர்ந்துவிடும். சுத்தமான எக்கோ என்றால் பழைய பிடியைத் தெளிவாகச் சொல்லிப் புதிய பிடியோடு சண்டைக்குப் போகும். நாடா எக்கோ மங்கி, ஒதுங்கி, வழி விடும். ஆகவேதான் தேடிப் பிடித்து நாடா மாதிரிப் பெட்டி.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறியள்," என்பார் மரினா, காலையில் அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே. "வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

"சொன்னால், அண்ணை நீங்கள் ஓய்வெடுங்கோ எண்டுவினம். அடுத்த கிழமை கிருசாந்தன்ர கீபோட் வந்திடும். நீர் சும்மா இரும்."

கிருசாந்தன் வங்கியில் வேலை செய்கிறவன், குழுவில் பாடுகிறவன், நல்ல பெடியன். அவனிடம் ஒரு கீபோட் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் மேளத்தையும் அதுவே அடிக்கும். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அதை ஒவ்வொரு ஞாயிறும் காரில் கொண்டுவந்து, தேவைப்படாமல் திரும்பக் கொண்டுபோவான். அந்தக் காரைக் கண்டாலே றெஜினோல்ட் தன் பெட்டியை இன்னொரு தரம் மிதித்துச் சரிபார்ப்பார். வாரம் முழுவதும் லண்டனில் யாரும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், அவர் முதல் தட்டுத் தட்டும்வரை கோயில் நிறைந்த சனம் வாயைத் திறக்காமல் நிற்கும். அதை இழக்க அவருக்கு மனம் இல்லை. இழந்தால், தான் வெறும் பால் அடுக்குகிறவர் மட்டுமே என்று அவர் நினைத்தார்.

இனி, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழன் கதை. அன்று மாலைப் பூசையில், கடவுளைப் புகழ்ந்து பாடும் வானவர் கீதத்துக்கு மணிகளும் வாத்தியங்களும் முழங்கும். கீதம் முடிந்த கையோடு எல்லாம் வாயை மூடவேண்டும். சனிக்கிழமை உயிர்ப்புப் பூசையில் மறுபடி வானவர் கீதம் பாடும்வரை மணி இல்லை, வாத்தியம் இல்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இது திருச்சபையின் வழக்கம். பாடகர் குழுவை நடத்தும் றோஸ்மலர் இதற்கு மேல் ஒன்று சேர்த்திருந்தார். தவக்காலத்தில் புனிதர்களின் சுருபங்களை மூடுகிற அதே ஊதாத் துணியால் வாத்தியங்களையும் மூடிவிடவேண்டும், உயிர்ப்புவரை துணியைத் தொடக்கூடாது. ரோமாபுரியில்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்குமோ தெரியாது, மோர்டனில் இருந்தது.

கீதம் நன்றாகவே முடிந்தது. றெஜினோல்ட் கிற்றாரைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தார். குழுப் பெண்கள் இருவர் உடனே வந்து துணியைப் போர்த்து, ஓரங்களைப் பிள்ளைக்குப் போர்த்துவிடுவது மாதிரி நன்றாகச் செருகிவிட்டுப் போனார்கள். பெட்டியை அணைக்க றெஜினோல்ட் மறந்துவிட்டார். அதில் இரண்டு மிதிகட்டைகள் உண்டு. இரண்டாவதை மிதித்தபடி வைத்திருந்தால் எக்கோ தன்னைத்தானே திருப்பிச் சொல்லி, காலை எடுக்கும்வரை பெருகிக்கொண்டே போகும். கிற்றாரின் வயிறு சரியாக அந்த மிதிகட்டையின் மேல் படுத்திருந்தது.

பாதர் கைகளை விரித்து, "மன்றாடுவோமாக," என்றார். எல்லோரும் தலை குனிந்து மௌனமானார்கள். மௌனத்தில் ஊதாத் துணி மெல்ல முனகியது.

துணி கம்பியில் உரசிய சின்னச் சத்தம்தான் அது. பெட்டி அதைப் பிடித்து, சொன்னதையே சொல்லிச் சொல்லி வளர்த்தது. முனகல் உறுமலானது. உறுமல் துறைமுகத்துக்குள் வருகிற கப்பலின் ஊதல் ஆனது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். றெஜினோல்ட் பாய்ந்து குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்தார்.

"அண்ணை, துணியை எடுக்காதேங்கோ!" என்று போர்த்திய பெண்களில் ஒருத்தி பதறிக் கிசுகிசுத்தாள்.

அவர் கை நின்றுவிட்டது. உயிர்ப்புக்கு முன் வாத்தியம் ஒலிக்கக்கூடாது. உயிர்ப்புக்கு முன் துணியை எடுக்கவும் கூடாது. இருதலைக்கொள்ளி எறும்பாக நின்ற அந்த மனிதர், இரண்டில் எது சின்னப் பாவம் என்று உண்மையாகவே யோசித்தார். வேறு எவனாவது துணியை உதறி எறிந்திருப்பான். றெஜினோல்ட் ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து சொல்வழி கேட்டு வளர்ந்தவர். கடைசியில் றோஸ்மலர் சுவரோரம் போய், எல்லா வயர்களும் சேர்கிற பிளக்கைப் பிடுங்கினார். கப்பல் நின்றது. பாதரின் மைக்கும் நின்றது. பாதர் தொண்டை கிழியச் செபத்தைச் சொன்னார். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சரியான இடத்தில் ஆமென் சொன்னார்கள்.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. சிலுவையை முத்தமிடும் சடங்கு முடிந்து எல்லோரும் கலைகையில், கார் நிறுத்துமிடத்தில் றோஸ்மலர் அவரைப் பிடித்தார்.

"றெஜி அண்ணை, நாளைக்கு அந்தப் பெட்டி வேண்டாம். வெறும் கிற்றார் காணும்."

"தங்கச்சி, அது இனி அப்பிடிச் செய்யாது. கிற்றார் மேல கிடந்ததாலதான்..."

"மிச்ச நாளில எல்லாம் நான் வாய் திறந்தனானே? உயிர்ப்புக்கு எனக்குக் கீதம் சுத்தமாய்க் கேக்கோணும்."

சொல்வதற்கு அதுதான் நேரம். அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் கிருசாந்தனின் கார் நின்றது, பின் இருக்கையில் கீபோட் கிடந்தது. "ஓம்," என்று சொல்லிவிட்டு வாயை மூடினார்.

சனிக்கிழமை பகல் வரவேற்பறையில் இருந்து வெறும் கிற்றாரில் கீதத்தை வாசித்துப் பார்த்தார். பள்ளம் விழவேண்டிய இடத்திலெல்லாம் பள்ளம் விழுந்தது. மரினா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப சுகமில்லை எண்டு போன் பண்ணுங்கோவன்."

"ஒரு நாள் படுத்தால் எழும்பேக்க இடம் இராது, மரினா." பிறகு கிற்றாரைப் பார்த்தபடி, "எனக்குப் பயமாய்க் கிடக்கு," என்றார். மரினா சட்டையைக் கொண்டுவந்து, கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டிவிட்டார்.

உயிர்ப்புப் பூசையில் இருட்டும் வாசகங்களும் முடிந்து, பாதர் வானவர் கீதத்தைத் தொடக்கினார். விளக்குகள் எரிந்தன, துணிகள் விழுந்தன. கீதம் முடியும்வரை விடாமல் அடிப்பதற்காகப் பீடப் பிள்ளைகள் மணிகளைத் தூக்கினார்கள். றெஜினோல்ட் முதல் தட்டுத் தட்டினார். சனம் பாடியது. இரண்டாம் அடியில் பள்ளம் விழுந்தது. எக்கோ இல்லாத கிற்றாரில் அந்தப் பள்ளம் பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. அடுத்த அடியில் அதே இடத்தில் இன்னொன்று. கிருசாந்தன் திரும்பிப் பார்த்தான். குழுவுக்கு முன்னால் நின்ற றோஸ்மலரும் பார்த்தார். முகத்தை அல்ல, இடது கையைப் பார்த்தார். சுண்டுவிரல் கம்பியைத் தேடிப் போவதை அவர் கண்டார்.

இப்போது கிருசாந்தனுக்குக் கை காட்டுவார், கீபோட் வரும் என்று றெஜினோல்ட் எதிர்பார்த்தார். தன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார். றோஸ்மலர் கையைத் தூக்கினார், ஆனால் இறக்குவதற்கு அவசரப்படவில்லை. தாளம் போடும் கை மெதுவாக வந்தது. அடுத்தது அதைவிட மெதுவாக. குழு குழம்பி, முட்டுப்பட்டு, பிறகு பின்னால் வந்தது. சனமும் வந்தது. விரல்கள் போய்ச் சேரும்வரை றோஸ்மலரின் கை மேலேயே நின்றது. சேர்ந்த பிறகுதான் இறங்கியது. ஒரு பள்ளமும் விழவில்லை. ஆண்டவர் உயிர்த்த மகிழ்ச்சியைக் கோயில் முழுவதும் மாட்டு வண்டி வேகத்தில் பாடியது. மணி அடித்த பிள்ளைகள் கை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள், ஒருத்தி இரண்டு கையாலும் பிடித்தாள். பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில் கேக்கும் றோல்ஸும் தேநீரும். பாதரே வந்து கேட்டார்.

"என்ன றோஸ்மலர், வானவர் கீதம் உயிர்ப்பு ஞாயிறுக்கே போயிடும் போல கிடந்தது?"

"எனக்கு மூச்சுக் காணேல்லை, பாதர். வயசு போகுதெல்லோ. இனி எல்லாப் பாட்டும் இந்த வேகத்திலதான்."

சுற்றி நின்றவர்கள் திகைத்தார்கள். நீண்ட அடியையும் ஒரே மூச்சில் பாடி முடிப்பவர் என்றுதான் றோஸ்மலருக்குப் பேர். கிழக்கே ஈஸ்ட் ஹாமிலிருந்தும் அவரை அடக்கப் பூசைக்குப் பாடக் கூப்பிடுவார்கள். அந்தப் பேரை அவர் இப்போது எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் கொடுத்துவிட்டு, றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். பாவம், மூச்சு வருத்தமாம் என்று யாரோ அடுத்தவருக்குச் சொல்லத் தொடங்கினார்கள். நாளைக்கு அது மோர்டன் முழுவதும் போகும்.

றெஜினோல்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. கோப்பையை மேசையில் வைத்தார்.

"பாதர், அவவுக்கு மூச்சில ஒரு குறையும் இல்லை," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. இடது கையைத் தூக்கிக் காட்டினார். "என்ர இந்த ரெண்டு விரலுக்கும்தான் ஏலாது. மூண்டு வருசமாய் ஏலாது. பெட்டியாலதான் மறைச்சனான்."

துணி போர்த்திய பெண் முதலில் வாய் திறந்தாள்.

"நாங்கள் உங்களுக்கு எக்கோப் பைத்தியம் எண்டெல்லோ நினைச்சனாங்கள்!"

"அது எனக்கு வசதியாய்த்தான் கிடந்தது, பிள்ளை."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஓய்வெடுங்கோ அண்ணை என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கிருசாந்தன் தொண்டையைச் செருமினான். றோஸ்மலர் றோல்ஸை விழுங்கி முடித்தார். யாரையாவது குழுவிலிருந்து விலக்கப்போகிறார் என்றால் அவர்களோடு அவர் தேனாகப் பேசுவார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன நிண்டு பாக்கிறியள்?" என்றார் றோஸ்மலர், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "செவ்வாய்க்கிழமை பயிற்சி. போன முறை மாதிரிப் பிந்தி வந்தால் நான் கதவைப் பூட்டிப்போடுவன். அந்தக் கம்பியளையும் மாத்துங்கோ, கறள் பிடிச்சுக் கிடக்கு."

றெஜினோல்ட் ஓம் என்று சொல்லப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முகம் கழுவப் போனார்.