ஒரு கத்தியில் இரண்டு பேர்

இன்று கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

புதியவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நானும் ராசையாவும் கத்திப் பைத்தியங்கள். (மரக்கறி வெட்டும் கத்தி இல்லை. அது வீட்டில் மனைவிமாரின் அதிகாரத்தில் இருக்கிறது!)

நாங்கள் சேர்ப்பது கப்பல்காரர்களின் பெரிய மடக்குக் கத்தி. ஒரு பக்கம் அலகும் தகரப்பேணி திறக்கும் கொக்கியும் இருக்கும். மறு பக்கம் விரல் நீளத்தில் ஒரு தடித்த ஊசி. முறுக்கிய கயிற்றின் புரிகளைப் பிரிப்பதற்கு அது. ஸ்பைக் என்பார்கள்.

உலக யுத்தம் வந்ததிலிருந்து துறைமுகம் நிறையக் கப்பல்கள். கைக்காசு தீர்ந்த மாலுமிகள் கத்தியை விற்றுவிடுகிறார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். (அப்படி எழுத இப்போது கை கூசுகிறது.)

ஞாயிறு காலையில் நான் வெள்ளவத்தையிலிருந்து ரெயிலேறிப் போவேன். ராசையா கொட்டாஞ்சேனைக்காரன், வேர்க்ஷொப் ஒன்றில் இயந்திரம் பூட்டும் பிட்டர். தேநீர்க் கடைக்கார நானாவின் மேசையில் கத்திகளைப் பரப்பி, யாருடையது பெரிது, யாருடைய ஸ்பைக் ஆடாமல் நிற்கிறது என்று ஒப்பிடுவோம்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வருமாம். மேசையில் வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். (அப்படியும் சண்டை வந்துகொண்டுதான் இருந்தது.)

இன்று ராசையாவின் கத்திதான் ராசா. கொம்புப் பிடியில் ஒரு கீறல் இல்லை. ஸ்பைக்கைத் திறந்தால் டக்கென்று நிற்கிறது. எனக்கு வயிறு எரிந்தது!

அந்த நேரம்தான் பிலோமினாக்கா உள்ளே வந்தார்.

பக்கத்து ஊரான முகத்துவாரத்தில் இருப்பவர். கணவர் அந்தோணி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். கப்பல் மூழ்கிவிட்டது. சிலர் தப்பி எங்கெங்கோ கரையேறினார்கள் என்று கேள்வி. அந்தோணியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

கறுப்பு உடுத்து, மாதா கோயிலில் செத்தவருக்குக் கொடுக்கும் பூசையைக் கொடு என்று அண்ணன்மார் நெருக்குகிறார்களாம். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அந்தப் பூசையைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று இவருக்குப் பயம். அந்தோணியிடமும் இப்படி ஒரு கத்தி இருந்தது. அதனால் நானாதான் எங்களிடம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார். ராசையாவின் கத்தி வந்ததும் ஸ்பைக்கைத் திறந்து முனையை விரலால் தடவினார்.

“இது அவற்ற. தேங்காய்க் கண்ணக் குத்தப் போய் நான்தான் முனைய முறிச்சனான். அவர் ஒரு பக்கம் சரிச்சு அராவித் தந்தவர்.”

எட்டிப் பார்த்தேன். முனை ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது.

இதை யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார்.

ராசையா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். ஒரே கொம்புப் பிடி, ஒரே அளவு என்று அச்சு அசலாக இரண்டு கத்திகள் வாங்கியிருந்தானாம். ஒன்றை விற்றவன், கப்பலை இழந்து பம்பாயில் கரையேறிய இலங்கைக்காரன் ஒருவனிடம் வாங்கியது என்றானாம். மற்றதை விற்றவன், நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்த உயிர்காப்புப் படகில் கிடந்தது என்றானாம்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்வதைத்தான் ராசையாவும் செய்தான். ஆணிகளைத் தட்டி எடுத்து, இரண்டையும் ஒரே பேணி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒன்றின் ஸ்பைக்கை மற்றதன் உடம்பில் பூட்டி ஒரு நல்ல கத்தி ஆக்கினான். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டான்.

அந்த ஸ்பைக் இருந்தது பம்பாய்க் கத்தியிலா, படகுக் கத்தியிலா என்று அவனுக்குத் தெரியாது.

எனக்குத் தாங்கவில்லை. பம்பாய்க் கத்தியாகத்தான் இருக்கும் அக்கா என்று வாய்விட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

“தெரிஞ்சா சொல்லுங்க தம்பி. தெரியாட்டிச் சும்மா இருங்க.”



ராசையா கத்தியை அவர் பக்கம் நகர்த்தி, கொண்டுபோங்கள் என்றான். அவர் மாட்டேன் என்றார். ஸ்பைக்கை மட்டும் கழற்றித் தரச் சொன்னார்.

“மற்றது வேற ஒராளின்ர. அவற்ற வீட்டிலயும் தேடிக்கொண்டிருப்பினம். வித்துப் போடாதீங்க.”

நானாவின் சுத்தியலை வாங்கி ராசையா அங்கேயே ஆணியைத் தட்டினான். கெட்டிக்காரப் பிட்டர், இரண்டு முறை விரலில் அடித்துக்கொண்டான். பிலோமினாக்கா ஸ்பைக்கைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார். பூசை விஷயம் என்ன ஆகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“குடுக்கத்தான் போறன். ஆருக்கெண்டு கோயில் சாமியார் கேட்டா, ரெண்டு பேரில செத்தவருக்கு எண்டு சொல்லுறன்.”

அவர் போன பிறகு நாங்கள் எதையும் ஒப்பிடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. அவரவர் கத்தியை அவரவர் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஸ்பைக் இல்லாத அந்தக் கத்தியை நானா தன் கண்ணாடி அலுமாரியில், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலிருந்து கப்பலுக்குப் போனவர் யாரிடமாவது கொம்புப் பிடிக் கத்தி இருந்திருந்தால் தயவுசெய்து வந்து பாருங்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கத்திக்கு உரியவனே ஒரு நாள் பம்பாயிலிருந்து திரும்பி, இது என்னுடையது என்று உயிரோடு வந்து நின்றால், ஆளில்லாத படகில் கிடந்தது அந்தோணியின் கத்தி என்றாகிவிடும்; முகத்துவாரத்துக்குப் போய்ப் பிலோமினாக்காவிடம் அதைச் சொல்ல உங்களில் யார் என்னோடு வருவீர்கள்?